எந்தப் பாத்திரத்தின் படம்?

2019இல் வெளிவந்த 'ஜோக்கர்' படத்துக்குக் கிடைத்த பாராட்டுகளில் முக்கியமானது, அது பாத்திரத்தை மையமாகக் கொண்ட படம் என்பது. காமிக்ஸ் வில்லனை எடுத்துக்கொண்டு, சாகசங்களை ஒதுக்கிவிட்டு, ஒரு மனிதனின் மனத்துக்குள் இறங்கிய படம் என்றார்கள். வெனிஸில் தங்கச் சிங்கம், 11 ஆஸ்கர் பரிந்துரைகள், 100 கோடி டாலருக்கு மேல் வசூல். நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்தப் பாத்திரம்?

ஆர்தரின் வறுமை, நோய், அவமானம் எல்லாம் உண்மையானவை. அரசு நிதியை வெட்டியதும் அவனுக்கு ஆலோசனையும் மருந்தும் நின்றுபோகின்றன. இதைக் காட்டியது படத்தின் நேர்மை. ஆனால் அதே வெட்டில் அலுவலகம் மூடப்படும் கறுப்பினப் பெண் பணியாளர், மேலே இருப்பவர்களுக்கு உன்னைப் பற்றியும் கவலையில்லை, என்னைப் பற்றியும் கவலையில்லை என்று சொல்லிவிட்டுப் படத்திலிருந்தே மறைந்துபோகிறார். அவர் கோபத்தைத் தொடர்ந்து போக யாருமில்லை.

ரயிலில் மூன்று ஆண்கள் ஒரு பெண்ணைச் சீண்டுகிறார்கள். பின்பு ஆர்தர் அவர்களைச் சுட்டுக் கொல்கிறான். நகரமே கொந்தளிக்கிறது, தொலைக்காட்சியில் தாமஸ் வேன் இறந்தவர்களைத் தன் குடும்பம் என்கிறார். அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று சாட்சி சொல்லக்கூடிய அந்தப் பெண்ணை யாரும் தேடவில்லை, படமும் தேடவில்லை.

தாய் பென்னி, வேன் வீட்டில் வேலை பார்த்தவள். அவள் சொன்னதெல்லாம் பிரமை என்கிறது மருத்துவமனைக் கோப்பு. காதலன் குழந்தையை அடித்தபோது தடுக்காத குற்றவாளி என்றும் சொல்கிறது. அவளையும் அவன் அடித்தான் என்று அதே கோப்பில் இருப்பதை ஆர்தர் பொருட்படுத்தவில்லை. தலையணையால் அவள் மூச்சை நிறுத்துகிறான். அவள் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்று ஒரு பழைய புகைப்படம் காட்டும்போது அவள் உயிரோடு இல்லை.

பக்கத்து வீட்டு சோஃபியின் காதல் அவன் கற்பனை. அழைக்காமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து, உள்ளே மகள் தூங்குவதை நினைத்து அவள் நடுங்குகிறாள். அத்தோடு கேமரா வெளியேறிவிடுகிறது. அவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று இயக்குநர் டாட் பிலிப்ஸ் பிறகு பேட்டியில் சொல்ல வேண்டியிருந்தது.

கதை ஆர்தரின் கண்வழியே சொல்லப்படுகிறது, அதனால் பெண்கள் மங்கலாகத்தான் தெரிவார்கள் என்பார்கள். அப்படியானால், பெற்றோரைப் பறிகொடுத்துச் சந்தில் நிற்கும் சிறுவன் ப்ரூஸை யார் கண்வழியே பார்த்தோம்? ஆர்தர் அங்கே இல்லையே! நாளைய பேட்மேனுக்காக ஆர்தரை விட்டு விலகிப் போக முடிந்த கேமராவுக்கு, சோஃபியின் அறையில் ஒரு நிமிடம் கூடுதலாக நிற்க மட்டும் முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆர்தரின் உள்மனம் என்று நாம் உணர்வதில் பெரும்பகுதி ஹில்டுர் குட்னடோட்டிரின் செல்லோ இசை. கழிப்பறையில் அவன் ஆடும் நடனமே அவர் இசையைக் கேட்டு ஹோவாகின் ஃபீனிக்ஸ் அங்கேயே உருவாக்கியது. அந்த இசைக்கு ஆஸ்கரும் கிடைத்தது. ஒரு பெண்ணால் அந்த ஆணின் மனத்துக்குள் அத்தனை ஆழமாகப் போக முடிந்திருக்கிறது. அந்த உழைப்பில் கால்பங்கைக்கூட பென்னிக்கோ சோஃபிக்கோ எழுதியவர்கள் தரவில்லை.

ஆகவே, ஆழமான பாத்திரப் படைப்பு என்று யாராவது ஒரு படத்தைப் புகழ்ந்தால், அதில் எத்தனை பேருக்கு மனம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒருவனுக்கு மட்டும்தான் என்றால், அந்தப் புகழை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.