பெயர்ப்பலகைக்குப் பின்னால் யார்?

எங்கள் நீடாமங்கலத்தில் சுவர் விரிசல் கண்டால், வீட்டுக்காரர் நேரே கொத்தனார் வாசலில் போய் நிற்பார். நகரத்திலோ வீடு கட்டி விற்பது பிரைவேட் லிமிடெட் நிறுவனம். சட்டத்தின் கண்ணில் அது தனி ஆள். அதன் கடன் பொதுவாக இயக்குநர்களின் சொந்தச் சொத்தைத் தொடாது. 1896-இல் இங்கிலாந்தின் சாலமன் வழக்கு நிலைநாட்டிய நெறி இது.

2014 ஜூன் 28-இல் சென்னை மவுலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். நிறுவனத்துக்கு வலிக்குமா?

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையைக் கட்டி விற்றவரே நீக்க வேண்டும் என்கிறது. நல்லதே. ஆனால் அந்த நிறுவனத்தின் கணக்கில் காசில்லையென்றால் தீர்ப்பு வெறுங்காகிதம் அன்றோ? வியாபார நட்டத்துக்குத் திரை இருக்கட்டும், அலட்சியத்துக்கு வேண்டாம். தவறிய இயக்குநர் தம் சொத்திலிருந்தே ஈடு தரட்டும் என்பேன். கொத்தனாருக்குள்ள பொறுப்பு கோட்டீசுவரருக்கும் வேண்டாமா?