காக்கைப்பொன்னும் கனகமும்

செங்கற்பட்டு மாவட்டத்துச் சிறுசேரியை அடுத்த ஊர் ஒன்றில் யான் ஆசிரியனாய் இருந்த காலத்து, மாணவன் ஒருவன் கிணறு தோண்டிய இடத்தில் கிடைத்ததெனக் கல்லொன்றைக் கொணர்ந்தான். அதன்கண் மஞ்சள் நிறப் பொடிகள் ஒளிர்ந்தன. அவன் தந்தையார் அதனைப் பொன்னென்றே துணிந்து, கடன் பெற்றேனும் மேலும் அகழக் கருதியிருந்தார். யான் ஊசி முனையால் அவ்வொளிர்வைக் கிளறினேன். அது வெங்காயத் தோல்போல ஏடு ஏடாய்ப் பெயர்ந்தது. பொன்னாயின் ஊசிக்குக் குழையும், தட்டினால் தகடாகும், ஏடாய்ப் பெயராது. அஃது அப்பிரகமே. நம் முன்னோர் அதற்குக் காக்கைப்பொன் எனப் பெயரிட்டு நம்மை முன்னரே எச்சரித்துள்ளனர். அன்று ஒரு குடும்பம் கடனினின்று தப்பியது.

மாணவர்களே, பொன் எங்ஙனம் தோன்றுகிறது என அறிவீர்களா? நிலத்தின் ஆழத்தே கொதிக்கும் நீர், பாறைகளிற் கலந்துள்ள பொன்னையும் வெள்ளியையும் கரைத்துக்கொண்டு வெடிப்புகளின் வழியே மேலேறுகிறது. வெப்பமும் அழுத்தமும் குறையுங்கால், வெண்படிகக் கல்லோடு அவற்றை ஆங்கே படியவிடுகிறது. இயற்கைப் பொன்னில் வெள்ளி சிறிதேனும் கலந்திருத்தல் இதனாலேயே. நம் நாட்டு வெள்ளியின் பெரும்பகுதியோ இராசத்தான் மாநிலத்து ஈய, துத்தநாகக் கனிகளோடு கிடைப்பதாகும். பல்லாவரம் முதலிய இடங்களில் உள்ள கருநிறப் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. சார்னோக்கைட்டு என உலகம் அதனை அழைக்கிறது. பாறை பழமையானது என்பதனால் மட்டும் அதன்கண் பொன் இருத்தல் வேண்டும் என்பதில்லை.

‘பொன் உண்டு’ என்பது வேறு; ‘எடுத்தற்குரிய அளவில் உண்டு’ என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பெருங்கேடு. நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர், தேவாலாப் பகுதிகளில் நிகழ்ந்ததை நோக்குக. ஆங்குப் பொன் உண்மையாகவே உண்டு. 1879-ஆம் ஆண்டு பிரௌ சுமித் என்பார் அதனை ஆராய வந்தார். அவரது அறிக்கை வெளிவந்ததும் இலண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் எழுந்தன. காடு நகராயிற்று. ஆனால் மேற்பரப்பிற் கிடைத்த வளமான சில கற்களின் மதிப்பு, அடியிலுள்ள பாறையின் மதிப்பு அன்று. எந்திரங்கள் கல்லை இடித்தபொழுது கிடைத்த பொன் செலவுக்கும் போதவில்லை. சில ஆண்டுகளில் அக்கம்பெனிகள் மறைந்தன. எந்திரங்கள் காட்டில் துருவேறிக் கிடந்தன.

அங்ஙனமாயின், தேடுதலே தவறோ எனின், அன்று. கோலாரை எண்ணுக. 1880-களில் ஆங்கும் முதலீடு கரைந்து, பணியைக் கைவிடும் நிலை வந்தது. பிளம்மர் என்னும் பொறுப்பாளர் பண்டையோர் தோண்டிய பழங்குழிகளை ஆராய்ந்து, அவற்றின் வழியே சென்று ‘சாம்பியன்’ என்னும் பொன்வரையைக் கண்டார். 2001-இல் அச்சுரங்கம் மூடப்படும் வரை ஏறத்தாழ 800 டன் பொன் கிடைத்தது. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், வெப்பத்திலும் கற்றூளிலும் உழைத்தோருள் பெருந்தொகையினர் நம் தமிழ் மக்கள். அவர்தம் நுரையீரல் அப்பொன்னுக்கு ஈந்த விலையையும் நாம் மறத்தலாகாது.

இவ்விரண்டிடத்தும் ஊக்கம் இருந்தது. ஓரிடத்தே அது சான்றைப் பின்தொடர்ந்தது, மற்றோரிடத்தே ஆசையைப் பின்தொடர்ந்தது. இன்றும் நிலவியலார் முதற்கண் பாறைகளைப் படமாக வரைகின்றனர்; ஓடை மணலையும் மண்ணையும் சோதிக்கின்றனர்; பின் துளையிட்டு, ஆழத்துப் பாறையை உருளையாக வெளிக்கொணர்ந்து, பல இடத்து மாதிரிகளை உலையிலிட்டு அளக்கின்றனர். ஒரு டன் கல்லில் எத்துணைக் கிராம் என்பது தெளிந்த பின்னரே சுரங்கம் பற்றிப் பேசுகின்றனர். கோலாரிலும் இறுதிக் காலத்தில் அவ்வளவு குன்றியமையாலேயே பணி நின்றது.

ஆதலின், புதையல் உண்டென்று எவரேனும் உங்களிடம் கூறின், அவரை வெறுக்கவும் வேண்டா. உடனே நம்பவும் வேண்டா. ‘எத்தனை இடத்தில் அளந்தீர்? எவ்வளவு ஆழத்தில் அளந்தீர்?’ எனக் கேளுங்கள். நிலத்தைப் பற்றிய பேச்சுக்கு மட்டுமன்றி, வாழ்வில் நீங்கள் கேட்கும் எப்பேச்சுக்கும் இவ்வினாக்கள் உரைகல்லாகும்.