கவ்வாத்துக் கத்திக்குள்ளும் விஞ்ஞானம் இருக்கு

"கலைப்பீடத்துக்காரங்களுக்கு உருக்கைப் பற்றி என்ன பேச்சு?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இது. எங்களில் பலர் விரும்பியா கலைப் பிரிவுக்குப் போனோம்? நாங்கள் படித்த தோட்டப் பாடசாலைகளில் உயர்தரத்துக்குக் கணிதமோ விஞ்ஞானமோ இல்லை. டவுனுக்குப் போய்ப் படிக்க வீட்டில் காசில்லை. அதை வைத்து "மலையகப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் வராது" என்று சொல்வதைத்தான் நாங்கள் ஏற்கமாட்டோம்.

விஞ்ஞானம் நம்ம காலடியிலேயே கிடக்கு. இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல. 1893இல் ஹப்புத்தளைக்குப் போன பாதை இந்த வழியாகத்தான் போகிறது. தண்டவாள உருக்கில் பொதுவாக 0.6 முதல் 0.8 வீதம் வரை காபன் இருக்கும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மென்மையான ஃபெரைட்டும் கடினமான சிமென்டைட்டும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். அதன் பெயர் பெர்லைட். சில்லு உரசினாலும் தண்டவாளம் சீக்கிரம் தேயாததற்கு இந்த அடுக்குதான் காரணம்.

கவ்வாத்துக் கத்தியை எடுங்கள். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால், காபன் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே சிக்கிவிடும். இப்படி உருவாகும் மார்ட்டென்சைட் நல்ல கடினம், ஆனால் சட்டென்று உடையும். மறுபடி மெதுவாகச் சூடாக்கினால் உறுதி வரும். தோய்ச்சல் தெரிந்த ஆசாரிக்கு இது கைப்பழக்கம்.

இன்றைய கார்களின் அதிவலிமை உருக்கிலும் இதே வித்தைதான். ஒரு வகையில் மென்மையான ஃபெரைட்டுக்கு நடுவே மார்ட்டென்சைட் தீவு தீவாக இருக்கும். அதனால் தகடு வளையும், வலிமையும் குறையாது. இன்னொரு வகையில் ஆஸ்டெனைட் கொஞ்சம் மிச்சம் வைக்கப்படும். மோதும்போது அது மார்ட்டென்சைட்டாக மாறி, நசுங்க நசுங்க இன்னும் கடினமாகும். மங்கனீசு, சிலிக்கன் எல்லாம் சில வீதம்தான். மிச்சமெல்லாம் எந்த அளவு சூட்டில் வைத்து, எவ்வளவு வேகமாகக் குளிரவிடுகிறோம் என்பதில் இருக்கு.

இது வெளிநாட்டுச் சரக்கு மட்டுமல்ல. மலைநாட்டின் தெற்குச் சரிவில், சமனலவெவ பகுதியில், 7ஆம் நூற்றாண்டு தொடக்கம் 11ஆம் நூற்றாண்டு வரை தென்மேல் பருவக்காற்றையே துருத்தியாக்கி இரும்பு உருக்கினார்கள். ஜில் ஜூலெஃப் அதே மாதிரி உலை கட்டிச் சோதித்து, அதிக காபன் உள்ள உருக்கு கிடைத்ததை 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

எங்கள் கோரிக்கை இரண்டு. நடந்து போகக்கூடிய தூரத்தில், தமிழ்மொழி ஆசிரியர்களோடு, உயர்தர விஞ்ஞான வகுப்புகள் வேணும். அதுவரைக்கும், பொறியியலும் பௌதிகவியலும் படிக்கிற நம்ம அக்காமார், அண்ணாமார் தமிழில் எழுதித் தாங்க. புரியாததைக் கேட்டுக் கேட்டு, தோட்டத்துப் பிள்ளைக்கும் புரியிற மாதிரி திருத்துற வேலையை நாங்க பார்த்துக்கிறோம்.