கடையில் ஓடியது, வீட்டில் ஏன் ஓடவில்லை?

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் புது கம்ப்யூட்டர் வாங்கினார்கள். ரிச்சி தெருவிலிருந்து லோடு ஆட்டோவில் பூந்தமல்லி வந்து சேர்ந்தது. ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. சிபியுவைத் திறந்து பார்த்தேன். ராம் ஒரு பக்கம் ஸ்லாட்டை விட்டு எழும்பியிருந்தது. அழுத்திப் பொருத்தியதும் சரியாகிவிட்டது. "கடையில் ஓடிச்சே சார்!" என்றார் வீட்டுக்காரர். ஓடியது உண்மைதான். வழியில் ஆடியதுதான் பிரச்னை.

கம்பெனிகள் இதைச் சோதிப்பதில்லையா? சோதிக்கின்றன. பேக் செய்த பெட்டியை அதிரும் மேஜையில் வைத்து, தாறுமாறாக ஆட்டுவார்கள். இதற்கு ரேண்டம் வைப்ரேஷன் டெஸ்ட் என்று பெயர். லாரிப் பயணத்துக்கான சோதனையில் பொதுவாக நொடிக்கு 1 முதல் 200 முறை வரையிலான அதிர்வுகள் கலந்திருக்கும்.

குறை எங்கே என்றால், இந்த ஆட்டம் சாலையின் சராசரி கணக்கு. வழக்கமான அளவைப்போல் மூன்று மடங்கைத் தாண்டும் குலுக்கல் இதில் ஆயிரத்தில் மூன்றுக்கும் குறைவு. பல சோதனைகளில் அதையும் வெட்டிவிடுகிறார்கள். பள்ளமும் ஸ்பீடு பிரேக்கரும் சராசரியில் காணாமல் போகின்றன. போதாததற்கு, பெரும்பாலான மேஜைகள் ஒரு நேரத்தில் ஒரே திசையில்தான் ஆடும். லாரி எல்லாத் திசையிலும் ஆடுகிறது.

இதற்கு வழி இருக்கிறது. பெரிய குலுக்கல்கள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பதைக் காட்டும் எண்ணுக்கு குர்ட்டோசிஸ் என்று பெயர். வழக்கமான சோதனையில் அது 3. மோசமான சாலையில் அதைவிடக் கூடும். அந்த எண்ணையும் கூட்டி ஆட்டும் கன்ட்ரோலர்கள் வந்துவிட்டன. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளிலிருந்து பூந்தமல்லி வழியாகச் செல்லும் லாரியில் பதிவுக் கருவி வைத்து அளந்து, அந்தக் கணக்கில் ஆட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. 1966-ல் தொடங்கிய இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேக்கேஜிங் நிறுவனத்துக்குச் சென்னையிலும் மையம் உண்டு. இந்த வேலைக்குப் பொருத்தமான இடம் அது.

"பேக்கிங் செலவு கூடுமே" என்பார்கள். எல்லா ஆட்டத்தையும் கூட்டச் சொல்லவில்லை. சாலையில் உள்ளதை உள்ளபடி ஆட்டுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது: அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கி எறியாதீர்கள். கனமான கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கழற்றித் தனியாகக் கொண்டு வாருங்கள். வந்ததும் மின் இணைப்பு கொடுப்பதற்கு முன் ராமையும் கேபிள்களையும் ஒருமுறை சரிபாருங்கள். எஸ்.எஸ்.டி.க்கு ஆட்டம் பெரிய பயமில்லை. ஹார்ட் டிஸ்க் இருந்தால் ஓடும்போது மட்டும் அசைக்கவே அசைக்காதீர்கள்!