‘காற்று’ சொல்ல வருதா? அப்ப இங்கிலீஷும் வரும்!

போன வாரம் வந்த கடிதங்களில் ஒண்ணு மனசைப் பிசைஞ்சிடுச்சு. எழுதினவர் பேச்சிப்பாறைப் பையன். கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவாரம், டேம், ரப்பர் தோட்டம்... தெரியும்தானே? வெளியூரில் என்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கிறார்.

‘அப்பா ரப்பர் பால் வெட்டுக்குப் போறாவ. ஹாஸ்டல்ல நான் வாயைத் திறந்தாலே சிரிப்பு. சொன்னான்ங்கிறதுக்கு பறஞ்சான்னு வந்துட்டா போதும், நீ என்ன மலையாளியான்னு கேக்குறாங்க. இப்ப தமிழும் பேசுறதில்ல, இங்கிலீஷும் பேசுறதில்ல. குரூப் டிஸ்கஷன்ல கடைசி வரைக்கும் சும்மாவே இருந்தேன். அடுத்த மாசம் கேம்பஸ் இன்டர்வியூ. என்ன செய்யணும் அண்ணே?’

தம்பி, இந்த வாரப் பத்தி உனக்குத்தான். மற்றவர்களும் கூடவே வாயசைங்க. ரூமில் யாரும் இல்லேன்னா சத்தமாவே சொல்லுங்க.

முதல்ல ஒரு குட்டி டெஸ்ட். ‘பத்து’ன்னு சொல்லுங்க. நாக்கு நுனி பல்லில் முட்டும். ‘பட்டு’ன்னு சொல்லுங்க. நாக்கு மடிஞ்சு மேலே அண்ணத்துக்குப் போகும். இப்ப ‘காற்று’. சென்னை, மதுரைக்காரங்க பேச்சில் இது ‘காத்து’ ஆயிடும். மேடையில் பேசினா ‘காட்ரு’ மாதிரி கேட்கும். ஆனா கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பெரியவங்க சொல்றதைக் கேளுங்க. நாக்கு பல்லிலும் படாது, அண்ணத்துக்கும் மடியாது. மேல்பல்லுக்குப் பின்னால ஒரு சின்ன மேடு இருக்கே, அங்கே போய் ஒட்டும்.

இங்கிலீஷ்காரன் ‘டீ’, ‘டைம்’, ‘டெஸ்ட்’ சொல்றப்ப நாக்கு தொடுறது அதே மேட்டைத்தான்! நாமதான் அதுக்கு நம்ம ‘பட்டு’ ட-வைப் போட்டுச் சமாளிக்கிறோம். தொல்காப்பியம் த, ட, ற மூணுக்கும் தனித்தனி இடம் சொல்லுது. மூணாவது இடத்தை நம்மில் பல பேர் தொலைச்சுட்டோம். மலையாளத்தில் அது பத்திரமா இருக்கு. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் - கொச்சியோடதானே இருந்தது? யாழ்ப்பாணத்திலும் இருக்கு. அதனாலதான் ஈழத்தமிழர்கள் டொரன்டோவை ‘ரொறன்ரோ’ன்னும், இன்டர்நெட்டை ‘இன்ரநெற்’னும் எழுதுறாங்க. காதில் விழுந்த சத்தத்துக்கு அவங்களுக்கு அந்த எழுத்துதான் பொருத்தமா பட்டிருக்கு.

ஆக தம்பி, ஹாஸ்டலில் சிரிக்கிறாங்களே, அவங்க கண்ணாடி முன்னாடி நின்னு கத்துக்க வேண்டிய சத்தம் உன் வாயில் பாட்டி காலத்திலிருந்தே இருக்கு.

அதுக்காக ‘ட’ சரியில்லேன்னா வேலை கிடைக்காதுன்னு நினைச்சுடாதீங்க. நம்ம ஊர் ட-வைக் கேட்டு எந்த இன்டர்வியூ ஆபீசரும் முழிக்க மாட்டார். முழிக்க வைக்கிற விஷயங்கள் வேற. அதுக்கு பேச்சிப்பாறையிலேயே உதாரணம் இருக்கு.

கோதையாற்றில் அந்த டேமை 1897-லிருந்து 1906 வரைக்கும் கட்டினாங்க. கட்டின என்ஜினீயர் மிஞ்சின். அவர் கல்லறையும் டேம் பக்கத்தில்தான் இருக்கு. அவர் பேரைச் சொல்லுங்க பார்ப்போம். ‘மிஞ்சினான், கெஞ்சினான்’ மாதிரிதானே வருது? அவர் கேட்டிருந்தா யாரைக் கூப்பிடுறாங்கன்னு திரும்பிப் பார்த்திருப்பார். அது மின் - சின். ‘பச்சை’யில் வர்ற அழுத்தமான ‘ச்’. தமிழில் ங், ஞ், ண், ம் இதுக்குப் பின்னால வர்ற எழுத்து தானா மெத்துன்னு ஆயிடும். தங்கம், பஞ்சு, வண்டி, பாம்பு... இந்தப் பழக்கத்தோட இங்கிலீஷுக்குப் போனா ‘பேங்க்’ கடைசியில் தங்கத்து ‘க’ வரும், ‘கேம்ப்’ கடைசியில் பாம்பு ‘ப’ வரும், ‘சென்டர்’ன்னா லெட்டர் அனுப்புற ‘செண்டர்’ ஆயிடும். ‘லஞ்ச்’ கேட்கப் போய் லஞ்சம் கேட்ட மாதிரி ஆயிடும்! மருந்து ஒண்ணுதான்: நடுவில் ஒரு நொடி நிறுத்துங்க. பேங் - க். கேம் - ப். சென் - டர். இன் - டர்வியூ. தினமும் இருபது தடவை. அப்புறம் நிறுத்தாமலே வரும்.

அடுத்தது ‘இஸ்கூல்’. இதுக்கு வெட்கப்படுறவங்களுக்கு ஒரு ஆறுதல். ஸ்பானிஷைத் தாய்மொழியா பேசுற கிட்டத்தட்ட 50 கோடிப் பேருக்கும் இதே வியாதிதான்! அவங்க மொழியில் ஸ்கூலே ‘எஸ்குவேலா’, ஸ்பெயினே ‘எஸ்பான்யா’. அதனால இங்கிலீஷிலும் ‘எஸ்கூல்’னு ஆரம்பிப்பாங்க. நாம இ போடுறோம், அவங்க எ போடுறாங்க, அவ்வளவுதான். ரப்பர் காட்டுல பாம்பு சீறுற மாதிரி முதல்ல ‘ஸ்ஸ்ஸ்’னு இழுங்க, மூச்சை விடாம அப்படியே ‘கூல்’. சீறலை நாளுக்கு நாள் குறைச்சுக்கிட்டே வாங்க.

சரி, கிராமர். ‘ஐ ஆம் நோயிங் இங்கிலீஷ்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ - இதைச் சொல்லாத ஆளே கிடையாது. எதுக்கு ‘இங்’ போடணும், எதுக்குப் போடக் கூடாதுன்னு பட்டியலை மனப்பாடம் பண்ண வேண்டாம். தமிழையே கேளுங்க. ‘எனக்குத் தெரிஞ்சுக்கிட்டு இருக்கு’ன்னு யாராவது சொல்வாங்களா? எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேணும், எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க. ‘எனக்கு’ன்னு ஆரம்பிச்சா பெரும்பாலும் ‘இங்’ கிடையாது: ஐ நோ, ஐ லைக், ஐ வான்ட், ஐ ஹேவ். பெரும்பாலும்னு ஏன் சொன்னேன்னா, ‘எனக்கு வேர்க்குது’க்கு ஐ ஆம் ஸ்வெட்டிங்னுதான் சொல்லணும். இன்டர்வியூவில் அது நிஜமாவே தேவைப்படலாம்!

‘டிட் யூ வென்ட்’? குலசேகரத்தில் பஸ் ஏறி பேச்சிப்பாறைக்குப் போக ஒரு டிக்கெட் போதும்தானே. இறந்த காலத்துக்கான டிக்கெட்டை ‘டிட்’ எடுத்தாச்சு. பின்னால வர்ற வினைச்சொல் சும்மா உட்கார்ந்தா போதும்: டிட் யூ கோ.

கடைசியா தம்பிக்கு ஒரு வாக்கியம். கடிதத்தில் இன்னொண்ணும் எழுதியிருந்தே: ‘அப்பா என்ன பண்றார்னு கேட்டா பிசினஸ்னு சொல்லிடவா?’ வேண்டாம்பா. பிசினஸ்னு சொன்னா என்ன பிசினஸ்னு அடுத்த கேள்வி வரும், நீ மாட்டிப்பே. இதைச் சொல்லிப் பழகு:

மை ஃபாதர் இஸ் எ ரப்பர் டேப்பர்.

சின்ன வாக்கியம்தான், ஆனா இதில் நாலு பாடம் இருக்கு. ‘ஃபாதர்’: மேல்பல் கீழுதட்டைத் தொடணும், காத்து வெளியே போகணும், ரெண்டு உதடும் ஒட்டினா ‘பாதர்’ ஆயிடும். ‘ரப்பர்’: இங்கிலீஷில் ஒரு சொல்லுக்குள்ள எழுத்து ரெட்டையா இருந்தாலும் சத்தம் ஒத்தைதான். பட்டர், சம்மர், ஹேப்பி எல்லாம் இதே கேஸ். நீ சொல்ல வேண்டியது ‘ரபர்’; அந்த ‘ப’ கோபத்தில் வர்ற ‘ப’. ‘டேப்பர்’: நாக்கு உன் ஊர் ‘காற்று’ மேட்டில் இருக்கட்டும், கொஞ்சம் காத்தும் சேர்ந்து வெடிக்கட்டும். உதட்டுக்கு முன்னால ஒரு பேப்பர் துண்டைப் பிடிச்சுக்கோ, அது ஆடணும். (ரப்பர் இலை வேண்டாம், கனம் ஜாஸ்தி.) நாலாவது, ‘டே’க்கு ‘பேங்க்’ சொல்ற மாதிரி வாயை நல்லா அகலமா திற. தமிழில் எழுதினா ‘டே’ தவிர வேற வழியில்லை, ஆனா சத்தம் ‘டே’க்கும் ‘டா’வுக்கும் நடுவில் இருக்கு. ‘டா’ன்னு போயிட்டா அப்பா ‘டாப்பர்’ ஆயிடுவார், எந்த காலேஜில்னு கேட்பாங்க!

அடுத்த கேள்வி ஹவ் டஸ் ஹி டூ இட்னு வரலாம். விடியறதுக்கு முன்னாடி கிளம்பிப் போறது, பட்டையில் சரிவா கீறுறது, சிரட்டையில் பால் சொட்டுறது, அதை எடுத்து ஷீட் அடிக்கிறது. இதை அஞ்சு சின்ன வாக்கியமா எழுதி வை. எல்லாம் தினசரி வேலை, அதனால ‘இங்’ வேண்டாம்: ஹி கெட்ஸ் அப், ஹி கட்ஸ், ஹி கலெக்ட்ஸ். அந்தக் கடைசி ‘ஸ்’-ஐ முழுங்கிடாதே. இந்த விஷயத்தில் எதிரே உட்கார்ந்திருக்கிறவரை விட உனக்குத்தான் அதிகம் தெரியும், அவர் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பார்.

எழுதின அஞ்சையும் எனக்கு அனுப்பு, திருத்தி அனுப்புறேன். இன்டர்வியூ முடிஞ்ச கையோட என்ன கேட்டாங்க, என்ன சொன்னேன்னு ரெண்டு வரி போடு.

மத்தவங்களுக்கும் ஹோம்வொர்க் உண்டு: உங்க அம்மாவோ அப்பாவோ செய்யற வேலையைப் பற்றி அஞ்சு வாக்கியம். அடுத்த வாரம் ‘வ’வைப் பிடிப்போம். வெஸ்ட் திசைக்கும் வேட்டிக்கு மேலே போடுற வெஸ்ட்டுக்கும் என்ன வித்தியாசம்னு அதுவரைக்கும் உதட்டைக் கண்ணாடியில் பாருங்க!