புகைக் குழாய் யாருக்கு?

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எங்கட வீட்டுப் பின்வளவில நானாவும் மச்சான்மாரும் சேர்ந்து பார்பிகியூ அடுப்பு ஒன்று கட்டினாங்க. மூணு நாள் வேலை. செங்கல், சீமெந்து, யூடியூப் வீடியோ, தெரிஞ்ச மேசன் பாஸ் ஒருத்தர்ட ஆலோசனை, பின்பக்கம் புகை போக ஒரு குழாய் வேற. கோழி நல்லாத்தான் இருந்திச்சு. நானும் ரெண்டு துண்டு கூடவே சாப்பிட்டேன். அதனால இதைப் பொறாமையில எழுதுறதா யாரும் நினைக்க வேணாம்.

எனக்குக் கோபம் வந்தது அந்தப் புகைக் குழாயைப் பார்த்துத்தான்.

2022 ஏப்ரல் ஞாபகமிருக்கா? நோன்பு மாசம். 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறிச்சு, அந்த விலைக்கும் கிடைக்கல்ல. அதுக்கு முந்தின வருஷக் கடைசியில நாடெங்கும் கேஸ் அடுப்பு வெடிச்ச பயம் இன்னும் போகல்ல. கரண்டும் மணிக்கணக்கா வெட்டு. இப்ப பார்பிகியூ நிக்கிற இடத்துக்குப் பக்கத்திலதான் உம்மா மூணு சீமெந்துக் கல்லை வச்சு, மழைக்கு ஒரு தகரத்தைச் சாத்திச் சமைச்சாங்க. விடியச் சாமத்தில சஹர் சோறு, அஸருக்குப் பிறகு கஞ்சி. விறகு பாதி ஈரம். நோன்போட குனிஞ்சு ஊதி ஊதி, மஃரிபுக்கு முன்னாடியே கண் ரெண்டும் சிவந்து போயிரும்.

நானா சும்மா இருந்தார்னு சொல்லமாட்டேன். கேஸ் வரிசையில ராத்திரி ராத்திரியா நின்றார். ஆனா மாசக்கணக்கா எரிஞ்ச அந்த அடுப்புக்கு ரெண்டு வரிசை செங்கல் வைக்கணும்னு எங்க வீட்டில ஒருத்தருக்கும் தோணல்ல. எனக்கும்தான். நான் உள்ளே இருந்து ஏஎல் படிச்சிட்டு இருந்தேன், புகை வருதுன்னு ஜன்னலைச் சாத்தினேன்.

தெரியாத விஷயமும் இல்ல. நம்ம நாட்டில 1980களிலேயே 'அனகி' அடுப்பு வந்திட்டு. களிமண்ணால ஒரே துண்டாச் செஞ்சது, ஒரு தீயில ரெண்டு சட்டி வைக்கலாம், விறகும் கொஞ்சமாத்தான் போகும். சுத்தி மண் பூசி வச்சா கனகாலம் உழைக்கும். வீட்டுக்குள்ள விறகு, கரி மாதிரி எரிபொருட்கள்ட புகையால 2020ல மட்டும் உலகத்தில சுமார் 32 லட்சம் பேர் செத்ததா உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. இதைச் சொன்னதுக்கு மச்சான் ஒருத்தர், "ஒரு ஜொலிக்குத்தானே கட்டினோம், நீ எல்லாத்திலயும் பெண்ணியம் தேடுற" என்றார். தேடவே தேவையில்ல மச்சான். கோழிக்கு மசாலா பிசைஞ்சது உம்மாவும் சாச்சியும். தட்டுக் கழுவினது நானும் ராத்தாவும். கம்பியைத் திருப்பினது நீங்க.

வேற சிலர் இது வெள்ளைக்காரன்ட கலாசாரம்னு சண்டைக்கு வாறாங்க. அவங்களோடயும் எனக்கு ஒத்துப்போகாது. அந்தச் சொல்லே கரீபியன் தீவுகள்ட பழங்குடி மக்கள்கிட்ட இருந்து ஸ்பானியர் எடுத்தது. உம்மம்மா தணலில கருவாடு சுட்டப்ப யாரும் அவங்ககிட்டக் கலாசாரம் கேக்கல்ல.

அதனால கட்டுங்க. ஆனா ஒழுங்காக் கட்டுங்க. நெருப்புப் படுற இடத்தில சீமெந்துக் கல் வைக்காதீங்க, சூட்டில வெடிப்பு விழும். சுட்ட செங்கலும், சீமெந்துக்குப் பதிலாக் களிமண்ணும் மணலும் குழைச்ச சாந்தும் போதும். பிங்கா ஓயாவில இருந்து அழகான கல்லைத் தூக்கிட்டு வர வேணாம். உள்ளே ஈரம் இருந்தா தீயில வெடிச்சுத் தெறிக்கும். நாகம் பூசின வலையில இறைச்சி வாட்டாதீங்க. மழை வந்தா கரிச் சட்டியைக் கராஜுக்குள்ள கொண்டுபோகவே கூடாது, கரியில வாற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்ல.

முக்கியமானது, வலைக்குக் கீழே குறுக்க ரெண்டு தடிச்ச இரும்புக் கம்பி போடுங்க. அதில பெரிய சட்டி உக்காரணும். சிரட்டைக் கரி மட்டுமில்ல, விறகும் வைக்கிற மாதிரி வாயை அகலமா விடுங்க. மேல ஒரு கூரை. அப்ப அடுத்த தடவை கேஸ் இல்லாமப் போனாலும் யாரும் மூணு கல்லுக்கு முன்னால குந்தத் தேவையில்ல. உயரத்தை யூடியூப்ல பார்க்காதீங்க, தினமும் சமைக்கிறவங்கள நிக்க வச்சு அளங்க.

நான் போன கிழமை டேப்பை எடுத்துட்டுப் போய் அளந்து பார்த்தேன். உம்மாட முழங்கைக்கு 37 அங்குலம். நானா கட்டினது 22 அங்குலம், கதிரையில இருந்து திருப்ப வசதியாம். இன்னும் நாலு வரிசை செங்கல் ஏத்தணும். செங்கல் மிச்சம் கராஜ்ல இருக்கு, எண்ணிட்டுத்தான் வந்தேன்.