மின்கட்டணத்தை நிர்ணயிப்பது யார்? சுமப்பது யார்?

கோவையிலும் திருப்பூரிலும் மில் பகுதிகளில் லைன் வீடுகளைப் பார்க்காதவர் யார்? வரிசையாக ஐந்து வீடு. ஐந்து வீட்டுக்கும் ஒரே மீட்டர். ஒரு குடும்பம் இரண்டு மாதத்தில் 120 யூனிட் செலவழிக்கிறது என்று வைத்துக் கொள்வோம். இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு டெலிவிஷன், ஒரு மிக்ஸி. தொழிலாளி வீட்டில் அதற்கு மேல் என்ன இருக்கிறது?

2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் அமலுக்கு வந்த கட்டணப்படி கணக்குப் போடுவோம். ஐந்து குடும்பத்துக்கும் தனித்தனி மீட்டர் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். மீதி 20 யூனிட்டுக்கு, யூனிட் ரூ.2.25 வீதம் 45 ரூபாய். ஐந்து குடும்பத்துக்கும் சேர்த்து 225 ரூபாய்.

அதே 600 யூனிட் ஒரே மீட்டரில் ஓடினால்? மொத்தத்துக்கும் 100 யூனிட்தான் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டி விட்டால் ரூ.2.25 என்ற விகிதமே கிடையாது. 101 முதல் 400 வரை ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6; 501 முதல் 600 வரை ரூ.8. ஆக மொத்தம் 2,750 ரூபாய்!

225 ரூபாய் எங்கே, 2,750 ரூபாய் எங்கே? அதே ஐந்து குடும்பம், அதே 600 யூனிட்! தனி மீட்டர் இருந்தால் 45 ரூபாய் கட்ட வேண்டிய குடும்பத்தின் தலையில் 550 ரூபாய் விழுகிறது. பல இடங்களில் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே ஒரு விலை வைத்து வசூலிக்கிறார். 2016 மே மாதம் சர்க்கார் முழங்கி அறிவித்த 100 யூனிட் இலவசம், சொந்த வீடு இல்லாத தொழிலாளியின் வாசல்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

அதிக மின்சாரம் செலவழிப்பவன் அதிகம் கொடுக்கட்டும் என்பது நல்ல நியாயம்தான். குளிர்சாதன பங்களாவுக்கு 2022-ல் யூனிட்டுக்கு 11 ரூபாய் போட்டதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் ஐந்து ஏழைகளை ஒரு மீட்டரில் கட்டி, அவர்களை ஒரு பணக்காரனாக எண்ணி வசூலிப்பது என்ன நியாயம்?

கமிஷன் போடும் கணக்கு

இந்த விலை எங்கே பிறக்கிறது? 2003-ம் வருஷ மின்சாரச் சட்டப்படி, வீட்டு மின்சாரத்தின் விலையை நிர்ணயிப்பது ராஜ்ய மின்சார ஒழுங்குமுறை ஆணையம். மின்விநியோக நிறுவனம் தன் வருஷச் செலவைப் பட்டியலிட்டு ஆணையத்திடம் கொடுக்கிறது. வாங்கும் மின்சாரத்தின் விலை, நிலக்கரி, சம்பளம், பழுது, தேய்மானம், கடனுக்கு வட்டி, மூலதனத்துக்கு லாபம் - எல்லாம் அதில் அடக்கம். ஆணையம் சிலவற்றை வெட்டும், சிலவற்றை ஏற்கும். மிஞ்சும் தொகையை மில், கடை, வீடு என்று பிரித்து அவரவர் தலையில் கட்டும்.

தோழர்களே, அந்தப் பட்டியலைக் கூர்ந்து பாருங்கள். லாபம் "செலவு" என்ற பெயரில் உள்ளே உட்கார்ந்திருக்கிறது! மத்திய ஒழுங்குமுறை ஆணையம் தன் ஆளுகைக்குட்பட்ட அனல் மின் நிலையங்களுக்கு 2009 முதல் அனுமதித்து வரும் லாபம், பங்கு மூலதனத்தின் மீது 15.5 சதவிகிதம். அது மட்டுமா? நீண்டகால ஒப்பந்தம் போட்ட அனல் மின் நிலையம் மின்சாரம் தரத் தயாராக இருந்தால் போதும். நாம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலைக் கட்டணம் கொடுத்தாக வேண்டும். வேலைக்குத் தயாராக மில் வாசலில் வந்து நிற்கும் தொழிலாளிக்கு எந்த முதலாளியாவது அப்படிக் கூலி கொடுத்ததுண்டா?

இந்த வழக்கம் புதிதல்ல. 1992-ல் தனியார் மின் கம்பெனிகளை அழைத்த மத்திய சர்க்கார் 16 சதவிகித லாபத்துக்கு வழி செய்து கொடுத்தது. மகாராஷ்டிரத்தில் என்ரான் கம்பெனியின் தாபோல் நிலையம் வந்தது. அதன் விலையைத் தாங்க முடியாமல் 2001-ல் அந்த ராஜ்யத்தின் மின்சார வாரியம் மின்சாரம் வாங்குவதையே நிறுத்த நேர்ந்தது.

மின்சாரத்துக்குப் பஞ்சப்படி!

2022-ம் வருஷ உத்தரவில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. 2026-27 வரை ஒவ்வொரு ஜூலையிலும், விலைவாசிக் குறியெண் ஏறியதற்கு ஏற்ப, 6 சதவிகிதத்துக்கு மேற்படாமல் கட்டணம் ஏறும். 2023-ல் 2.18 சதவிகிதம், 2024-ல் 4.83, 2025-ல் 3.16. இதில் 2023-லும் 2025-லும் வீடுகளுக்கான உயர்வைத் தமிழக சர்க்கார் மானியமாக ஏற்றுக் கொண்டது. 2024-ல் அது வீடுகளின் மீதும் விழுந்தது.

ஆக, விலைவாசி ஏறினால் மின்சாரத்துக்குப் பஞ்சப்படி தானாக ஏறும். கான்டிராக்ட் தொழிலாளிக்கு ஏறுகிறதா? நாற்று நடும் பெண்ணுக்கு ஏறுகிறதா? காகிதத்தில் உள்ள குறைந்தபட்சக் கூலியைக் கையில் வாங்கவே நாம் கொடி பிடிக்க வேண்டியிருக்கிறது!

யார் யாருக்குக் கொடுக்கும் மானியம்?

"எங்களிடம் அதிகமாக வாங்கித்தான் உங்கள் வீட்டு விளக்கு எரிகிறது" என்கிறார்கள் ஆலை முதலாளிகள். பெரிய தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் விலையைக் கூட்டி, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் குறைப்பதற்குக் குறுக்கு மானியம் என்று பெயர். சரி, முதலாளி கட்டும் மின்கட்டணப் பணம் எங்கிருந்து வருகிறது? ஷிப்டு ஷிப்டாகக் கதிரை ஓட்டும் நமது உழைப்பிலிருந்து வருகிறது. அதில் ஒரு துளி நம் வீட்டு விளக்குக்குத் திரும்பி வந்தால் அது பிச்சையா?

2003-ம் வருஷச் சட்டம் இந்தக் குறுக்கு மானியத்தைக் குறைத்து, பிறகு ஒழிக்க வேண்டும் என்றது. இடதுசாரிகளின் வெளி ஆதரவுடன் மத்தியில் சர்க்கார் நடந்த 2007-ல், "ஒழிக்க வேண்டும்" என்பது சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. 2020-21-ல் டில்லி எல்லையில் அமர்ந்த விவசாயிகள் வைத்த கோரிக்கைகளில் மின்சாரத் திருத்த மசோதாவைக் கைவிடு என்பதும் ஒன்று. ஆனாலும் விட்டார்களா? 2022-ல் மீண்டும் மசோதா வந்தது. 2025 அக்டோபரில் மத்திய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட வரைவு மசோதா, உற்பத்தித் தொழில்கள், ரயில்வே, மெட்ரோ ஆகியவற்றின் மீதுள்ள குறுக்கு மானியச் சுமையை ஐந்து வருஷத்தில் நீக்க வேண்டும் என்கிறது.

முதலாளி இறக்கி வைக்கும் சுமையை யார் தூக்குவது? சர்க்கார் விலையைக் குறைக்க விரும்பினால் அந்தத் தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்பது சட்டம். கஜானாவில் பணமில்லை என்று கையை விரித்தால், முழு விலையும் நமது வீட்டு அட்டையில் ஏறும். பம்பு செட்டுக்கு இலவச மின்சாரம் போனால் சிறு விவசாயி மட்டுமா அழிவான்? தண்ணீர் பாயாத வயலில் நடவு ஏது, களையெடுப்பு ஏது, விவசாயத் தொழிலாளிக்குக் கூலி ஏது?

நாம் செய்ய வேண்டியது

கட்டணத்தை நிர்ணயிக்குமுன் பொதுமக்களின் ஆட்சேபனைகளை ஆணையம் பரிசீலிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. முதலாளிகள் சங்கம் வக்கீலையும் ஆடிட்டரையும் கூட்டிக் கொண்டு அங்கே போகிறது. நாமும் போவோம். மீட்டர் அட்டையையும் சம்பளச் சீட்டையும் கையில் எடுத்துக் கொண்டு, மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் சங்கமாகப் போவோம். ஐந்து குடும்பக் கணக்கை அங்கே படித்துக் காட்டி விளக்கம் கேட்போம்.

வாடகைக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் தனி மின் இணைப்பு கொடு! அது வரும்வரை, ஒரே மீட்டரில் உள்ள குடும்பங்களைத் தலை எண்ணி இலவச யூனிட்டைக் கொடு! குறியெண்ணைக் காட்டி வருஷந்தோறும் கட்டணத்தை ஏற்றாதே! மூலதனத்தின் லாபத்தைச் செலவுக் கணக்கிலிருந்து வெட்டு! குறுக்கு மானியத்தில் கை வைக்காதே!

இந்தக் கோரிக்கைகளை லைன் வீடு தோறும், சேரி தோறும் கொண்டு செல்வோம். கையெழுத்து வாங்குவோம். தெருவில் இறங்குவோம். தோழர்களே, திரண்டு வாரீர்!